அழுத்தம்

மருத்துவர் லெஹ்தோவாரா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
அழுத்தத்தைத் தவிருங்கள், ஹெல்கா.
தெருவில் தேங்கிய தண்ணீரைச் சொல்வதுபோல.
கொஞ்சம் ஒதுங்கி நடந்தால் போதும் என்பதுபோல.

சிரித்துவிட்டேன்.
என் சம்பளமே அந்தச் சொல்லில்தான் வருகிறது.
குவோப்பியோவில், ஜன்னல் இல்லாத அறையில்,
காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு
இரவெல்லாம்
முகம் தெரியாதவர்களிடம் சொல்கிறேன்:
நடுநெஞ்சில் கையை வையுங்கள்.
அழுத்துங்கள்.
பயப்படாதீர்கள், இன்னும் ஆழமாக
அழுத்துங்கள்.

திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி
நிமிடத்துக்கு நூற்றுப்பத்து முறை மின்னும்.
அதைப் பார்த்துத்தான் எண்ணுவேன்.
கொடுத்துவைத்த புள்ளி.
அதற்குக் கடன் இல்லை, மகன் இல்லை,
இரண்டாவது கோப்பைக் காபி
அதை ஒன்றும் செய்வதில்லை.

என்னுடையதற்கு
மருத்துவர் எழுதிய பெயர் ஒரு முழம் நீளம்.
நானும் வெய்யோவும் வைத்த பெயர், வாளி.
வலையிலிருந்து வாளியில் கொட்டிய மீன்கள்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துள்ளுமே,
அப்படி.
"இன்றைக்கு வாளி" என்பேன்.
அவர் அடுப்பை அணைத்துவிட்டு
பக்கத்தில் வந்து உட்காருவார்.
ஒன்றும் கேட்க மாட்டார்.

மூச்சை நான்காக இழுத்து ஆறாக விடப் பழகினேன்.
மாலை மாத்திரையை மறந்ததில்லை;
அதன் புண்ணியத்தில்
மேசைக்கால் இடித்த இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம்.
நாடி பார்க்கும் கைக்கடிகாரம் வாங்கினேன்.
அது என்னைப் பார்க்க நான் அதைப் பார்க்க,
வருமோ வருமோ என்று காத்திருந்ததில்
வந்தேவிட்டது.
இப்போது அது கையுறைகளுக்கு அடியில்
இழுப்பறையில் கிடந்து
தனக்குத்தானே கவலைப்பட்டுக்கொள்கிறது.

ஜனவரியில் ஓர் இரவு.
அழைத்தவன் குரலில் நீராவி:
அண்ணன் சவுனாப் படியில் விழுந்துவிட்டான்,
மூச்சில்லை, ஒன்றும் இல்லை.
தரையில் கிடத்துங்கள். கையை வையுங்கள்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
பன்னிரண்டாவதிலோ பதின்மூன்றாவதிலோ
என் வாளி சாய்ந்தது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
குரல் மட்டும் நடந்துகொண்டே இருந்தது,
என்னை விட்டுவிட்டு,
உறைந்த ஏரிமேல் போகிற ஆளைப் போல
அடி பார்த்து, அடி பார்த்து.
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
அங்கே ஒருவன் என் எண்ணிக்கைக்கு அழுத்தினான்.
இங்கே எனக்குள் எதுவும்
என் எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

ஒன்பது நிமிடம். கதவு திறக்கும் சத்தம்,
பூட்ஸ் சத்தம்,
பிறகு இணைப்பு அறுந்தது.
பிழைத்தானா என்பதை
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அடுத்த அழைப்பு மினுங்கியது.
மூன்று வருடமாக எடுத்திருக்கிறேன்,
இதே நெஞ்சோடு, வாயைத் திறக்காமல்.
பலவீனம் என்று பட்டியலில் ஏறிவிடும் என்ற பயம்.
அன்று கையைத் தூக்கினேன்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.
"மெர்வி, என் இதயம் சரியில்லை."

அவள் திடுக்கிடவில்லை.
என் அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே
மயக்கம் உண்டா, மார்வலி உண்டா என்றாள்,
அதே குரலில்,
நாங்கள் ஊருக்கெல்லாம் கொடுக்கும் குரலில்.
இல்லை, இல்லை என்றேன்.
அந்தக் குரலைக் கேட்கும் பக்கத்தில் இருந்தால்
இப்படித்தான் இருக்கும் போல:
யாரோ முதுகுக்குப் பின்னால்
நாற்காலியை நகர்த்தி வைத்ததுபோல.

இப்போது மாதத்துக்கு நான்கே இரவுகள்.
சம்பளத்தில் ஓட்டை விழுந்தது;
அதுவும் ஓர் அழுத்தம்தான், மருத்துவரே.

அன்று காலை எட்டு மணிக்கும்
வாளி அடங்கவில்லை.
வெய்யோ வந்து அழைத்துப்போகக் காத்திருந்தேன்.
நிறுத்துமிடத்தில் இருட்டு; என் காரின் கண்ணாடியில்
விரல் தடிமனுக்குப் பனி.
சும்மா இருக்க முடியாமல்,
நகத்தால் ஒரு சின்ன வட்டம் சுரண்டினேன்.
உள்ளே பார்த்தால்
போன வாரம் தேடிய ஒற்றைக் கையுறை,
ஓட்டுநர் இருக்கையில்
விரல்களை விரித்துக்கொண்டு.

அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது
எந்த நொடியில் என்று தெரியவில்லை,
மீன்கள் நின்றிருந்தன.